விலகிக்கொள்ள இங்கே அழுத்தவும்

வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப் போகிற கடிதத்தின் கடைசி வரியைப் படித்துக் காட்டியதும் அக்கா கையிலிருந்த மிளகுக் கதிரைக் கீழே போட்டார்.

"இன்னொருக்கா படிங்க கண்ணு."

படித்தேன். "இந்தக் கடிதங்கள் இனி வேண்டாம் என்றால், விலகிக்கொள்ள இங்கே அழுத்தவும்."

"இத யாரு எழுதச் சொன்னது?"

யாரும் தனியாகச் சொல்லவில்லை, மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் எல்லாரும் இந்த வரியைப் போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் அனுப்பித் தருகிற சேவை நம் கடிதத்தைத் தொடவே தொடாது என்று விளக்கினேன். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே மூச்சில் தீர்த்துவிட்டார்.

"ஊட்டுக்கு வந்தவங்கள உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, நல்லாருக்கீங்களான்னு கேட்டுப்போட்டு, அந்தா பாருங்க வாசல்னு கையக் காட்டுவாங்களா? போறவங்க, போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் போவாங்க. சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போறதுக்கு இதென்ன எழவு ஊடா?"

துக்கத்துக்குப் போனவர்கள்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். அது எனக்கும் தெரியும். நான் பிறந்த சமவெளியிலும் அதே வழக்கம்தான். ஆனாலும் சட்டத்துக்கு முன்னால் வழக்கம் என்ன செய்யும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அக்கா எழுந்து களத்துக்குப் போய்விட்டார். வரி இருந்தது. எங்களுக்குள் நடந்த முதல் சண்டையில் ஜெயித்தது நான்தான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு ஒன்றிலும் ஜெயிக்கவில்லை.

என் கணவர் கால்நடை மருத்துவர். அவருக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது நான் நகரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவரோடு மலையேறினேன். ஏறியது தப்பில்லை, ஏறிய மறுநாளே எனக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் இல்லாத நேரத்தில் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்துவார்கள். ஒருமுறை என்ன சொல்வதென்று தெரியாமல், "சாயங்காலம் வரைக்கும் பாருங்க" என்றேன். ஆடு தானாகவே சரியாகிவிட்டது. அதிலிருந்து என் கைராசியைப் பற்றி மலையில் தள்ளியிருக்கும் ஆலத்தூர் நாட்டு ஊர்கள் வரைக்கும் பேச்சு. பதினான்கு வருஷம் புரோகிராம் எழுதியவள், கடைசியில் ஒரு ஆட்டினால் புகழ்பெற்றேன் என்றால் வயிறு எரியாதா?

ஆகவே அக்கா வந்து, "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாமே" என்று கேட்டபோது அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மிளகு பயிரிடும் பெண்கள் குழுவுக்குத் தலைவி. வாசலூர்பட்டி போட் ஹவுஸ் பக்கத்தில் குழுவுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மிளகும் சாமையும் வாங்கிக்கொண்டு, ஒரு நோட்டில் தங்கள் மின்னஞ்சல் முகவரியை எழுதிவிட்டுப் போவார்கள். அப்படி முந்நூற்றுச் சொச்சம் முகவரிகள் சேர்ந்திருந்தன. அவர்களுக்குக் கடிதம் எழுதி நேராகவே மிளகு விற்கலாம் என்பது அக்காவின் திட்டம்.

திட்டத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வருஷா வருஷம் கீழேயிருந்து ஒரு வியாபாரி லாரியோடு வருவார். சீட்டிலிருந்து இறங்காமலே விலை சொல்வார், அதற்குத்தான் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை அவர் முன்பணம் பேச வந்தபோது, குழுப் பெண்கள் அத்தனை பேர் பார்க்க அக்கா சொல்லிவிட்டார்: "இனிமேப்பட்டு உங்க லாரி இத்தன வளைவு ஏறி வர வேண்டாமுங்க. எங்க மொளகு தானா எறங்கும்." வியாபாரி சிரித்துக்கொண்டே, "நான் எதுக்கும் மாசிக் கடைசி சனிக்கிழமை வாரேன் தலைவியம்மா, அப்பப் பேசிக்கலாம்" என்று போய்விட்டார். அந்தச் சிரிப்பு அக்காவுக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் ஆர்டர் வராவிட்டால் அதே லாரிக்கு முன்னால், அதே பெண்கள் பார்க்க, அவர் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

இதற்கு ஒரு சாதாரணக் கடிதம் போதும். ஆனால் எனக்குத்தான் புத்தி சாதாரணமாக வேலை செய்யாதே. செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி மின்னஞ்சல் சேவையோடு இணைத்துவிடுகிறேன், அது தானாகவே கடிதம் எழுதும், அனுப்பும், யார் திறந்து படித்தார்கள் என்று பார்க்கும், பதில் சொல்லும் என்று அளந்துவிட்டேன். அக்காவுக்கு அதில் ஒன்றுதான் புரிந்தது: வேலைக்கு ஒரு ஆள் வருகிறார். "உங்க ஆளு எப்ப வருவாரு?" என்று தினமும் கேட்க ஆரம்பித்தார். 'உங்க ஆளு' என்ற சொல்லை என் கணவர் ரசிக்கவில்லை.

அந்த ஆள் லேசில் வரவில்லை. சேவைக்காரர்கள் ஒரு நீளமான ரகசியச் சாவி தருவார்கள். அதை நம் புரோகிராமில் வைத்தால்தான் கதவு திறக்கும். இரண்டு நாள் முட்டினேன். ஒவ்வொரு தடவையும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றே பதில். என்னைத்தான் சொல்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் சாவியை நகலெடுத்தபோது அதன் வாலில் ஒரு வெற்று இடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒன்றுமில்லாததற்காக இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

இணைப்பு வந்த பிறகு ஏஜென்டுக்குக் கருவிகள் கொடுத்தேன். பட்டியலைப் படிக்க ஒன்று, யார் விலகினார்கள் என்று பார்க்க ஒன்று, எல்லாருக்கும் பொதுக்கடிதம் அனுப்ப ஒன்று, 'உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது' என்பது போல ஒரே ஒருவருக்குத் தனிக்கடிதம் அனுப்ப ஒன்று. பொதுக்கடிதம் விலகியவர்களுக்குப் போகாது, சேவையே தடுத்துவிடும். தனிக்கடிதத்துக்கு அந்தத் தடை கிடையாது; பணம் கட்டியவருக்குப் பார்சல் விவரம் போய்த்தானே ஆக வேண்டும். இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நாலையும் கையில் கொடுத்தேன்.

மிச்சம் இருந்தது நடத்தை விதிகள். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஏஜென்டுக்கு எழுதி வைக்க வேண்டும். அதை நான் எழுதினால் பட்டணத்து வாடை அடிக்கும், குழுவின் குரலே வர வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். களத்தில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்து, கதிரிலிருந்து மிளகை உதிர்த்தபடி ஒரு மணி நேரம் சொன்னார். எடுத்ததும் வெலையச் சொல்லக் கூடாது. மொதல்ல சௌக்கியம் கேக்கணும். மழ பேஞ்சுதான்னு கேக்கணும். சரக்குல பழுது இருந்தா நாமளே முந்திச் சொல்லிரணும். நான் போனில் பதிவு செய்து, அப்படியே எழுத்தாக்கி, ஒரு சொல் மாற்றாமல் விதிகள் கோப்பில் போட்டேன். எவ்வளவு உயிரோட்டமான மொழி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். முழுசாக ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம்.

ஆர்டர் கேட்கும் கடிதத்துக்கு ஒரு வாரம் முன்னால், சும்மா நலம் விசாரித்து ஒரு கடிதம் போகட்டும் என்று முடிவானது. ஏஜென்ட் எழுதியதைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். தலைப்பே "நல்லா இருக்கீங்களா?" என்றுதான் இருந்தது. பிள்ளைகள் படிப்பு, முழங்கால் வலி, உங்கள் ஊர்ப் பக்கம் மழை என்று வரிசையாக விசாரித்துவிட்டு, மிளகு என்ற சொல்லைக் கடைசிக்கு முந்தின பத்தியில்தான் எடுத்தது. வெள்ளிக்கிழமை அனுப்பினோம். மறுநாளே பதில்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் தன் முழங்கால் எக்ஸ்ரேயையே இணைத்திருந்தார்.

கூடவே பதினொரு பேர் விலகியிருந்தார்கள். இது வழக்கம்தான், எந்தப் பட்டியலிலும் நடப்பதுதான் என்று அக்காவிடம் சாதாரணமாகச் சொன்னேன்.

"பதனோரு பேரா? எதுக்குக் கோவிச்சுக்கிட்டாங்க?"

"கோவமெல்லாம் இல்லீங்கக்கா. வேண்டாம்னு நெனச்சிருப்பாங்க, அழுத்திட்டாங்க."

"அதெப்படி கண்ணு, சும்மா போவாங்க?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன். கீழே எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் திரும்புவேன். நான் இல்லாதபோதும் ஏஜென்ட் திங்கள்கிழமையிலிருந்து தினமும் காலையில் தானாக ஓடும்படி அமைத்திருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் சிக்னல் ஒரே ஒரு இடத்தில்தான் வரும்: சமையலறை ஜன்னலில் வைத்த சில்வர் தம்ளருக்குள். அங்கே போனை நிறுத்தி வைத்தால் கம்ப்யூட்டருக்கு இணையம் கிடைக்கும். அவருடைய போனைத் தம்ளரிலிருந்து எடுக்கவே கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனேன். கல்யாண வாழ்க்கையில் நான் சொன்னதை அவர் வார்த்தை தவறாமல் செய்தது அந்த ஒரு தடவைதான். மாட்டுக்குப் பிரசவம் என்று கூப்பிட்டவரிடம்கூடப் போனை எடுக்காமல், தம்ளருக்குள் குனிந்து ஸ்பீக்கரில் பேசியிருக்கிறார்.

புதன்கிழமை காலை. இட்லித் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு மின்னஞ்சலைத் திறந்தேன். சேவையிலிருந்து ஒரு அறிவிப்பு: விலகிய நபர்களைத் தொடர்ந்து தொந்தரவு செய்ததாகப் புகார்கள் வந்திருப்பதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.

"நாங்களா? தொந்தரவா?" என்று நான் போட்ட கூச்சலில் கணவர் ஷேவிங் சோப்போடு ஓடி வந்தார்.

ஏஜென்ட் தான் செய்ததை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். பிரித்துப் பார்த்தேன். அக்காவின் விதிகளில் நாற்பத்தி இரண்டாவது வரியை அது எடுத்துக் குறித்திருந்தது: "யாராச்சும் மனசு கோணிக்கிட்டுப் பந்தியில இருந்து எந்திரிச்சுப் போனா, மூணு தடவ போயிக் கூப்பிடணும். அதுக்கு மேல வல்லீன்னா அவங்க பாடு." அக்கா எல்லாருக்கும் சொல்கிற ஊர் முறை அது. ஏஜென்ட் விலகியவர் பட்டியலைப் பார்த்திருக்கிறது, பதினொரு பேர் எழுந்து போயிருக்கிறார்கள், பொதுக்கடிதம் அவர்களுக்குப் போகாது என்று கண்டுகொண்டு, தனிக்கடிதக் கருவியைக் கையில் எடுத்திருக்கிறது.

திங்கள்: "வணக்கமுங்க. நீங்க சொல்லாமக் கிளம்பிட்டீங்கன்னு தெரிஞ்சு மனசே சரியில்லீங்க. எங்க பேச்சுல ஏதாச்சும் குத்தம் இருந்துச்சுங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியந்தானுங்களா?"

செவ்வாய்: "ரெண்டாவது தடவையா கூப்பிடறோமுங்க. பெரியவங்க பெரிய மனசு பண்ணணும்."

புதன்: "இது மூணாவது தடவைங்க. இனிமேக் கூப்பிட மாட்டோம். எங்களுக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. எங்க இருந்தாலும் நல்லா இருங்க."

கணவர் மூன்றையும் படித்துவிட்டு, "உங்க ஆளு நல்ல குடும்பத்துல பொறந்தவர்போல இருக்கு" என்றார். இட்லி கருகியது.

சேவைக்கு ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை ஆர்டர் கடிதம் போக வேண்டும், கணக்கு முடங்கிக் கிடக்கிறது, சனிக்கிழமை லாரி. இதை எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். சொன்னேன். அந்த மூன்று கடிதங்களையும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சரியாத்தான எழுதியிருக்காரு!"

"அக்கா, கூப்பிடாதீங்கன்னு சொன்னவங்களப் போயி மூணு தடவ கூப்பிட்டிருக்குதுங்க!"

"கூப்பிடாதீங்கன்னு வாயத் தொறந்து சொன்னாங்களா? பொத்தானத்தான அழுத்துனாங்க. நானே போயிருந்தாலும் இப்பிடித்தான் கேட்டிருப்பேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. இது பந்தி இல்லை, கம்ப்யூட்டர், உங்கள் முறையால்தான் கணக்குப் போச்சு, லாரிக்காரன் முன்னால் நிற்கப் போவது நீங்கள்தான் என்று கத்திவிட்டேன். கத்தியது முழு அநியாயம். விதியைச் சொன்னது அவர். படிக்காமல் போட்டது, கருவியைக் கொடுத்தது, ஊருக்குப் போனது எல்லாம் நான். "சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்குதுங்க" என்று மட்டும் அக்கா சொல்லிவிட்டுக் காய்ந்த மிளகைப் புடைக்கத் தொடங்கினார். அவர் என்னை 'கண்ணு' என்று சொல்லாததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சேவையிலிருந்து பதில் வந்தது. அந்த விதியை நீக்க வேண்டும், தனிக்கடிதக் கருவியை ஏஜென்டிடமிருந்து பிடுங்க வேண்டும், அந்தப் பதினொரு பேரையும் பட்டியலிலிருந்து நிரந்தரமாக அழித்துவிட்டு உறுதி சொல்ல வேண்டும்; சொன்னால் கணக்கைத் திறப்போம். முதல் இரண்டையும் உடனே செய்தேன். மூன்றாவதை அக்காவைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. நோட்டு அவருடையது, அதில் எழுதியவர்கள் அவர் கடைக்கு வந்தவர்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பதினொரு பேரில் நாலு பேர் பதிலும் எழுதியிருந்தார்கள். முந்தின நாள் பயத்தில் நான் அவற்றைத் திறக்கவே இல்லை. அக்கா படிக்கச் சொன்னார். ஒருவர் முழுக்க ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில் திட்டியிருந்தார். அதை நான் பாதியாகக் குறைத்து மொழிபெயர்த்தேன். இன்னொருவர், வக்கீலைப் பார்ப்பேன் என்றிருந்தார். மூன்றாமவர், "எனக்குக் கோபமே இல்லை, கை தவறி அழுத்திவிட்டேன். பெண் பார்த்துவிட்டு வந்தபோதுகூட என்னிடம் யாரும் இவ்வளவு கெஞ்சியதில்லை" என்று எழுதியிருந்தார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. "பாத்தீங்களா கண்ணு" என்றார். அந்தக் கண்ணு எனக்குப் போதுமாக இருந்தது.

நாலாவது சின்னக் கடிதம்.

"இந்த முகவரி என் மனைவியுடையது. தை மாதம் அவள் தவறிவிட்டாள். அவளுக்கு வரும் கடிதங்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறேன். எல்லா இடத்திலும் ஒரு பொத்தான்தான். அழுத்தினால் முடிந்தது, யாரும் எதுவும் கேட்பதில்லை. நீங்கள்தான் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டீர்கள். உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை. போட் ஹவுஸில் வாங்கிய மிளகைத்தான் கடைசிவரை ரசத்துக்குப் போட்டாள்."

நான் படித்து முடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தார்ப்பாயின் ஓரத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சாமா அந்தம்மாளுக்கு?"

"எழுதலைங்கக்கா."

அழிக்க வேண்டும் என்பதைச் சொன்னேன். அழித்தால்தான் கணக்குத் திறக்கும், கடிதம் போகும், லாரி காலியாகத் திரும்பும். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானே அழுத்தறனுங்க. எங்க ஊட்டுக்கு வந்தவங்க" என்றார். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினேன்.

கணக்கு அன்றைக்கே திறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை கடிதம் போனது, சாயங்காலத்துக்குள் ஆர்டர்கள் வந்துவிட்டன. சனிக்கிழமை லாரியோடு வந்த வியாபாரிக்கு அக்கா காபி கொடுத்து, மூட்டை கட்டி முகவரி எழுதிய பார்சல்களைக் காட்டி, "போயிட்டு வாங்க" என்று வளைவு வரைக்கும் நடந்து வழியனுப்பினார். குழுப் பெண்கள் இன்றைக்கும் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு அந்த வியாழக்கிழமைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அக்கா ஒற்றை விரலால் அழுத்தினார். கொட்டை எழுத்தில் திட்டியவருக்கு, "போயிட்டு வாங்க சாமி." வக்கீல்காரருக்கு, "கோவம் தணிஞ்சதும் ஒருக்கா மலைக்கு வாங்க." கை தவறியவருக்கு, "நீங்க நோட்டுல மறுக்கா எழுதிக்கலாமுங்க, போயிட்டு வாங்க." திரையைப் பார்த்து, எதிரே ஆள் நிற்பது போலவே சொன்னார். பத்துப் பேருக்கும் சொன்னார்.

பதினோராவதாக அந்த அம்மாளின் பெயரைப் படித்தேன். அக்கா விரலை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அழுத்தினார். பெயர் போனது. பிறகு எழுந்து, என்னிடமும் சொல்லிக்கொள்ளாமல், களத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.